புதுப்பிப்பு: ரிங்லெட் குளிரில் சில்லி, இரண்டாம் முறை
மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட் ஊரின் குளிருக்கு அமெரிக்க சில்லி (மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு) செய்தேன், மூன்று மணி நேரம் கொதித்தும் சிவப்பு பீன்ஸ் கல்லாகவே இருந்தது என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். குற்றவாளி தக்காளிதான். அதன் புளிப்பு பீன்ஸை எளிதில் வேகவிடாது. நானோ தொடக்கத்திலேயே கொட்டியிருந்தேன். (அமெரிக்காவின் டெக்சஸ்காரர்கள் மரபுப்படி இதில் பீன்ஸே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.)

இம்முறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அரைவேக்காட்டுச் சிவப்பு பீன்ஸ் வயிற்றைப் புரட்டிவிடும். இதில் சோம்பல் கூடாது. விரலால் நசுங்கும் அளவுக்கு வெந்த பிறகே தக்காளி. மாட்டிறைச்சிக்குப் பதில் கொத்திய ஆட்டிறைச்சி, சீரகம், அரைத்த காய்ந்த மிளகாய்.

அம்மா ருசி பார்த்துவிட்டு, "கறி மசாலா போட மறந்துவிட்டாயா?" என்றார். பிறகு ரொட்டியைத் தொட்டுத் தொட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.