பில் படத்தில் கொம்பு இடம் மாறி நிற்கிறது: எந்த கமிட்டில் உடைந்தது என்று எப்படிப் பிடிப்பது?

காய்கறிக்கடை_டெவ்:
பைத்தானில் பில்லோ என்ற பட லைப்ரரியை வைத்து ரசீதைப் படமாக்கி வாடிக்கையாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். போன ரிலீஸ் வரை சரியாக இருந்தது, இப்போது 'வெண்டைக்காய்' என்று அடித்தால் கொம்பு வ-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. எர்ரர் எதுவும் இல்லை. நடுவில் 180 கமிட் (கிட்டில் பதிவான கோட் மாற்றம்) இருக்கிறது. ஒவ்வொன்றாகவா பார்ப்பது?

இரவு_ஷிஃப்ட்:
வேண்டாம், உடைத்த கமிட்டைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்' எதற்கு இருக்கிறது? 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' போடுங்கள், இப்போதிருப்பதை 'பேட்' என்றும் பழைய ரிலீஸ் டேகை (அந்த ரிலீஸ் கமிட்டுக்கு வைத்த பெயர்) 'குட்' என்றும் சொல்லுங்கள். பாதியில் உள்ள கமிட்டை அதுவே செக்அவுட் செய்யும், நீங்கள் ஓட்டிப் பார்த்து குட்டா பேடா என்று சொன்னால் போதும், ஒவ்வொரு முறையும் பாதி கழியும். 180-க்கு ஏழெட்டு சுற்றுதான். முடிந்ததும் 'பைசெக்ட் ரீசெட்' மறக்காதீர்கள்.

காய்கறிக்கடை_டெவ்:
செய்தேன். ரீட்மியில் எழுத்துப்பிழை திருத்திய கமிட்டைக் காட்டுகிறது! இரண்டு முறையும் அதேதான்.

பழைய_கீபோர்டு:
அது 'குட்' டேகுக்கு அடுத்த கமிட்தானே? அப்படியென்றால் நீங்கள் பார்த்த எல்லாமே பேடாக வந்திருக்கிறது. டாக்கரில்தானே ஓடுகிறது? பைசெக்ட் மாற்றுவது ஃபைல்களை மட்டும்தான், டாக்கர் இமேஜ் (ஆப்பும் அதற்கு வேண்டிய பேக்கேஜ்களும் சேர்ந்த தொகுப்பு) புதிதாக பில்ட் ஆகாவிட்டால் சுற்றுக்குச் சுற்று அதே உடைந்த இமேஜில்தான் ஓடும். அப்புறம் அந்தப் பழைய டேகையும் பில்ட் செய்து கண்ணால் பாருங்கள், 'அப்போது சரியாக இருந்தது' என்ற ஞாபகத்தை நம்பி நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

கையால் செய்ய வேண்டியதும் இல்லை. இமேஜைக் கட்டி, உள்ளே பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்.செக்'கில், எழுத்துகளைக் கோக்கும் 'ராக்ம்' லைப்ரரி இருக்கிறதா என்று கேட்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 'பைசெக்ட் ரன்'னிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண், அதாவது எக்ஸிட் கோட், 0 என்றால் குட், 1 என்றால் பேட், பில்டே ஆகவில்லையா, 125 கொடுத்தால் அந்த கமிட்டைத் தாண்டிப் போகும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள், பழைய கமிட்களில் அது இருக்காதே.

காய்கறிக்கடை_டெவ்:
சிக்கிவிட்டது! இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதியிருக்கும் டாக்கர்ஃபைலில் 'தேவையில்லாத பேக்கேஜ்கள் நீக்கம்' என்று ஒரு கமிட், அதில் ஃப்ரிபிடி என்ற பேக்கேஜைத் தூக்கியிருக்கிறார்கள். அது அரபி மாதிரி வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்குத்தானே, தமிழுக்கும் அதற்கும் என்ன?

பழைய_கீபோர்டு:
தமிழுக்கு நேரடியாக வேண்டாம்தான். ஆனால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம், ஃப்ரிபிடி இல்லாமல் ஓடாது. அது இல்லையென்றால் பில்லோ சத்தமே போடாமல் சாதாரண லேஅவுட்டுக்கு இறங்கிவிடும், அதற்குக் கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. பேக்கேஜைத் திரும்பப் போட்டதும் அந்த ஒரு வரி 'செக்'கை ஆப் தொடங்கும் இடத்திலும் வையுங்கள், ராக்ம் இல்லையென்றால் ஆப் எழவே கூடாது.