குளிரில் பெரிய ஆமையைப் பார்த்துக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அக்கரைப்பற்று மஸ்ரா

சவூதியில் ஹாயில் பக்கம் ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், நாலு வருடம் இருந்தேன். அங்கே ஒரு சல்காட்டா ஆமை, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம். அது தானே வளை தோண்டிப் படுக்கும், நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று முதலாளி சொல்வார், நானும் நம்பினேன். ஜனவரியில் ஒரு இரவு நல்ல மழை. அந்த ஊரில் ஜனவரி இரவு என்றால் போர்வை இரண்டு போட்டாலும் தூக்கம் வராது. வளைக்குள் தண்ணீர் இறங்கி, ஆமை வெளியே வந்து ஆட்டுக் கொட்டில் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆட்டுக்குட்டிகளுக்குப் போடும் சிவப்புச் சூட்டு பல்பைக் கொண்டுபோய் அதன் முதுகுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கட்டிவிட்டுப் படுத்தேன்.

சுபஹுக்கு எழும்பிப் போய்க் கை வைத்தால் ஓட்டின் உச்சி ரொட்டிக்கல் மாதிரிச் சுடுகிறது. பின்னங்காலைத் தொட்டேன், ஐஸ். ஒரே உடம்பில் இரண்டும். குளிரில் விறைத்துப்போனதால் பல்புக்குக் கீழே இருந்து நகரவும் அதால் முடியவில்லை. சில கிழமையில் உச்சி வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தது, மிருக வைத்தியர் வந்து இது எரிகாயம் என்றார். கட்டினது நான்தான். ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது, அந்தக் காலின் குளிர் இன்னும் என் கையில் இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

கல்லடி அம்மம்மா

தம்பி, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். மருமகன் வளர்ப்பதும் நீங்கள் சொல்கிற அதே சாதிதான், 38 கிலோ. தோட்டத்தில் அதற்கு மரத்தில் ஒரு அறை, சுவருக்குள்ளே தடித்த ரிஜிபோம் பலகை, வாசலில் குளிரறைகளில் தொங்குமே அந்தப் பிளாஸ்டிக் பட்டி, உள்ளே ஓயில் ஹீட்டர். எனக்கு முதலில் இது தேவையில்லாத செலவாகத்தான் பட்டது. ஒரு இரவு இரண்டு மணிக்கு மருமகனின் போன் கத்தியது, அறைக்குள் வெப்பநிலை 14க்கு இறங்கிவிட்டதாம். கரண்ட் ட்ரிப் ஆகியிருக்கிறது. அவரும் பக்கத்து வீட்டுப் பையனும் போர்வையில் வைத்துத் தூக்கிவந்து குசினியில் இறக்கினார்கள். என் மடியில் பன்னிரண்டு நாள் பிள்ளை. கீழே அந்த ஆமை மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது, மூக்கில் ஒரு குமிழி பெருத்துப் பெருத்து உடைந்தது. விடியும்வரைக்கும் நான் பிள்ளையின் மூச்சைக் கேட்டேனா அதன் மூச்சைக் கேட்டேனா என்று எனக்கே தெரியாது. பிறகு மூன்று கிழமை ஊசி போட்டார்கள்.

களுவாஞ்சி வயல்

ஆமை என்றால் குளிருக்கு உறங்கும், அது இயற்கை. அதைத் தூக்கிக் குசினியில் வைத்தால்தான் வருத்தம் வரும். எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு பால் ஆமை இருபது வருடம் இருந்தது, எத்தனை மாரி பார்த்தது, யாரும் ஹீட்டர் போடவில்லை. மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்குக் குளிர் ஒரு கதையா?

கல்முனை வயரிங்

அண்ணே, பால் ஆமை எங்கள் ஊர்த் தண்ணீரில் வாழ்கிற சாதி. சல்காட்டா ஆபிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற வறண்ட நிலத்து ஆமை, அதற்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. உறங்குகிறது என்று நீங்கள் நினைப்பது அது விறைத்துக் கிடப்பதை. வளை அதன் ஊரில் காப்பாற்றும், ஏனென்றால் அங்கே நிலத்தடி மண் வருடம் முழுக்கச் சூடு. குளிர் நாட்டில் மண்ணும் குளிர்தான். ஈரமும் சேர்ந்தால் நேரே நெஞ்சுச் சளி. ஆமைக்கு நம்மைப் போல நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசை, உதரவிதானம், இல்லை, சளியை இருமித் தள்ள முடியாது, அதனால்தான் அம்மா பார்த்த குமிழி.

நான் கத்தாரில் ஒரு பண்ணைக்கு வயரிங் செய்தபோது இரண்டு சல்காட்டாவுக்கு அறை கட்டினோம். என் கதை அவ்வளவுதான், ஆனால் கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே இருந்து ஒரு இடத்தில் சூடு காட்டும் பல்பு பெரிய ஆமைக்குக் கூடாது. ஓட்டின் உச்சிதான் பல்புக்குக் கிட்ட இருக்கும், சூடு முழுக்க அங்கேயே விழும், வயிற்றுப் பக்கம் போய்ச் சேராது. பல்பு அறுந்து வைக்கோலில் விழுந்தால் கொட்டிலே எரிந்துவிடும். அறைக்காற்று முழுவதையும் சூடாக்குகிற ஓயில் ஹீட்டர் வையுங்கள், அதற்கு முன்னால் கனத்த மரச்சட்டம் அடியுங்கள், இல்லாவிட்டால் ஆமை இடித்தே சாய்த்துவிடும். வயரைக் குழாய்க்குள் விட்டு உயரத்தில் கொண்டுபோங்கள். தெர்மோஸ்டாட்டின் முனையை ஆமையின் முதுகு மட்டத்தில் கட்ட வேண்டும், கூரையில் கட்டினால் மேலே 27 காட்டும், கீழே நடுங்கும். நாங்கள் இரவில் 26, 27 பாகையில் வைத்தோம். முடிந்தால் இன்னொரு ஹீட்டரை வேறு பிரேக்கரில் போடுங்கள், அம்மா வீட்டில் நடந்தது நடக்காது. தரையை ஒரு கல் உயர்த்துங்கள், மழைத்தண்ணீர் ஏறாது. வேலிக்குக் கம்பிவலை வேண்டாம், அந்தப் பக்கம் தெரிந்தால் தள்ளிக்கொண்டே இருக்கும், சீமெந்துக்கல் வையுங்கள். ஏறிப் புரளக்கூடிய கல் எதையும் உள்ளே விடாதீர்கள், மல்லாந்து கிடந்தால் குடல் நுரையீரலை அழுத்தும், வெயில் நேரத்தில் அதிக நேரம் தாங்காது. அந்தப் பண்ணையில் ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார், சண்டை பிடித்து நிறுத்தினேன். ஓடு நகம் இல்லை, எலும்பு, உயிர் உள்ளது.

கோமாரி மீன்காரன்

களுவாஞ்சி அண்ணனுக்கு: குளிர் ஒரு கதையா என்கிறீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் குளிர்காற்றில் செத்ததை மறந்துவிட்டீர்களா? அந்தக் கிழமைதான் பாணமைப் பாதையில் தண்ணீர் நின்ற ஓரமாக ஒரு நட்சத்திர ஆமையைக் கண்டேன். ஓட்டில் சேறு, தலை உள்ளே போகாமல் வெளியே தொங்கியது, வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தது. ஆமை வாயால் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிக்குச் சற்றுத் தள்ளி வைத்தேன். வீட்டில் வைத்திருப்பது குற்றம், பாதுகாக்கப்பட்ட இனம், 2019 முதல் உலக வியாபாரத்துக்கும் முழுத்தடை என்று மாமா ஏசினார். அது எனக்கும் தெரியும், பிள்ளைகள் அழுதும் வைத்திருக்கவில்லை. மறுநாள் வனஜீவராசி அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தபோது அங்கே இருந்தவர் சாக்கோடு வாங்கிச் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் சாக்கை இரண்டாக மடித்து அதற்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அதற்குமேல் என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

களுவாஞ்சி வயல்

மாடுகள் விஷயம் உண்மைதான் தம்பி, எங்கள் பக்கத்து வீட்டிலும் இரண்டு போனது. அந்தச் சாதிக்கு உறக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

அக்கரைப்பற்று மஸ்ரா

எல்லோருக்கும் நன்றி. கல்முனைத் தம்பி எழுதினதை வாசித்ததும் அங்கே இன்னும் வேலை செய்கிற நேபாளிப் பையனுக்கு வொய்ஸ் போட்டேன். ஆமை உயிரோடு இருக்கிறதாம், உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைத் தழும்பாம். பல்பு எங்கே என்று கேட்டேன். நான் கட்டின இடத்திலேயே இன்னும் கட்டியிருக்கிறார்களாம். அதைக் கழற்று, ஹீட்டர் இருக்கிற உங்கள் அறைக்கு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போங்கள், முதலாளியிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே இப்போது அஸர் தொழுகை நேரம், பின்னேரம், இன்னும் ஒரு மணித்தியாலத்தில் குளிர் இறங்கிவிடும். பையன் இன்னும் பதில் போடவில்லை.