பிரிண்டரில் ஹெட் க்ளீனிங் மூன்று முறை போட்டும் லைட் சயான் (வெளிர் நீல மை) வரவில்லை, உதவி தேவை

வணக்கம். என்னிடம் இருப்பது ஆறு நிற இங்க்ஜெட் ஃபோட்டோ பிரிண்டர், டை மை (சாய மை). மாதத்துக்கு ஒரு தடவைதான் படம் போடுவேன். நேற்று அப்பாவின் பழைய படத்தைப் பிரிண்ட் எடுத்தால் முகம் செங்கல் நிறத்தில் வருகிறது, கன்னத்தில் குறுக்கே மெல்லிய கோடுகள். நாசில் செக்கில் (மை வரும் நுண்துளைகளான நாசில்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று கோடு போட்டுக் காட்டும் சோதனைத் தாள்) லைட் சயானில் மட்டும் ஐந்தாறு கோடுகளைக் காணோம். ஹெட்டின், அதாவது மை தெளிக்கும் பகுதியின், அடைப்பை நீக்கும் க்ளீனிங்கைத் தொடர்ந்து மூன்று தடவை போட்டேன். மைதான் இறங்கியது. பேப்பர் வெளியே வந்ததும் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிடுவது என் வழக்கம், அதனால் ஏதாவது இருக்குமா? படம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

பதில்

முதலில் க்ளீனிங்கை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் உறிஞ்சும் மை எல்லாம் உள்ளே இருக்கும் கழிவு மை பேடு என்ற பஞ்சுக்குத்தான் போகிறது. அந்த பேடு நிரம்பிவிட்டதாகக் கணக்கு காட்டினால் பிரிண்டரே வேலை செய்யாது.

எடுத்த நாசில் செக் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். விடுபட்ட இடம் எல்லாவற்றிலும் அதேதானா, தாளுக்குத் தாள் மாறுகிறதா? அதே இடம் என்றால் காய்ந்த மை. மாறினால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது; அப்போது சும்மா விட்டு வைப்பதுதான் வைத்தியம்.

ஸ்விட்ச் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. பிரிண்டரில் இருக்கும் பவர் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் ஒழுங்காக உட்காரும். சுவரில் அணைத்தால் அது பாதியில் நின்றுவிடலாம். நாசில் திறந்தே கிடந்தால் மையில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிடும்.

கேட்டவர்

இரண்டு இடம் எல்லாத் தாளிலும் அப்படியே இருக்கிறது. மற்றவை மாறுகின்றன.

பதில்

அப்படியானால் இரண்டும் கலந்திருக்கிறது. பவர் பட்டனில் அணைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒரே ஒரு க்ளீனிங், ஒரு நாசில் செக்.

வேறொருவர்

ரப்பர் மூடியையும் பாருங்கள். எனக்கு இதே பிரச்சினை வந்தபோது மூடியின் விளிம்பில் மை கெட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மூடி இறுக்கமாக உட்காராவிட்டால் க்ளீனிங் போடும்போது மைக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும், எத்தனை தடவை போட்டாலும் அதே கதிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து விளிம்பைச் சுற்றி மெதுவாகத் துடைத்தேன். ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் கெடும். ஹெட்டின் அடிப்பக்கத்தில் விரல் படக் கூடாது.

கேட்டவர்

வந்துவிட்டது! மூடியில் கருநீலப் பொருக்கு, நகக்கண் அளவுக்கு. துடைத்து, ராத்திரி விட்டு, காலையில் ஒரு க்ளீனிங். எல்லாக் கோடும் முழுசாக இருக்கிறது, அப்பாவின் முகமும் அவர் நிறத்திலேயே வந்தது. எல்லோருக்கும் மிக்க நன்றி. இனி வாரம் ஒரு பக்கம் கறுப்பு எழுத்து பிரிண்ட் எடுத்தால் போதுமா?

பதில்

போதாது. சாதாரணத் தாளில் எழுத்து மட்டும் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பு மட்டுமே ஓடும். லைட் சயான், லைட் மெஜந்தா எல்லாம் அப்படியே நிற்கும், உங்களுக்கு அடைத்ததும் அதில் ஒன்றுதான். வாரம் ஒரு நாசில் செக் எடுங்கள். எல்லா நிறமும் ஓடும், மையும் சொற்பமே செலவாகும்.