ஸ்டிம்ஃபாலோஸ்: ஏரிக்கும் பறவைகளுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
பண்டைய கிரேக்கத்தின் ஆர்க்கேடியா பகுதியின் வடகிழக்கு மூலையில் இருந்த ஸ்டிம்ஃபாலோஸ் என்ற சிறிய நகர அரசு, புராண வீரன் ஹெராக்ளீஸ் அங்குள்ள ஏரியிலிருந்து விரட்டிய பறவைகளுக்காக மட்டுமே பேசப்படுகிறது. அந்த ஊரின் நில அமைப்புக்கும் அக்கதைக்கும் தொடர்பு உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நிச்சயமாக உண்டு. வடக்கே 2,376 மீட்டர் உயரமுள்ள கிலீனி மலையும் மற்ற திசைகளில் வேறு மலைகளும் சூழ்ந்து நிற்பதால், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஆறு எதுவும் வெளியேற வழியில்லை. மழைநீரும் ஊற்றுநீரும் சுண்ணாம்புப் பாறையிலுள்ள ஒரு பிலத்துவாரம் (நீர் உள்ளிறங்கும் குகைவாய்) வழியாகத்தான் நிலத்துக்கடியில் இறங்குகின்றன. அது அடைபட்டால் வயல்கள் ஏரியாகிவிடும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ், தம் காலத்திலேயே இது நடந்ததாகச் சொல்கிறார். வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் திருவிழாவை ஊரார் அசட்டை செய்தபோது மரக்கட்டைகள் துவாரத்தை அடைத்துச் சமவெளி மூழ்கியதாம். மானைத் துரத்தி வந்த வேடன் ஒருவன் அதன் பின்னாலேயே நீரில் குதிக்க, இருவரையும் பிலம் விழுங்கியது, ஒரே நாளில் வெள்ளம் வடிந்துவிட்டது. அதன்பின் திருவிழா முன்னிலும் சிரத்தையுடன் நடந்தது.

மறுமொழி 2:
இந்தத் துவாரம் போர்க்களத்திலும் வருகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நகரை முற்றுகையிட்ட ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரட்டீஸ், ஏராளமான கடற்பஞ்சுகளைத் திணித்து அதை அடைக்க முயன்றார் என்றும், தேவர்களின் அரசனான சீயஸிடமிருந்து வந்ததாகக் கருதப்பட்ட ஒரு சகுனத்தால் கைவிட்டார் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். ஊரின் உயிர்நிலை எதுவென்று எதிரிக்கும் தெரிந்திருந்தது.

பறவைகளைச் சதுப்பு நிலக் காய்ச்சலின் உருவகம் என்று சிலர் விளக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்ட்டெமிஸ் கோயிலின் கூரையருகே அப்பறவைகள் செதுக்கப்பட்டிருந்தன. அவை மரமா சுண்ணச் சாந்தா என்று தெளிவாகத் தெரியவில்லை, மரமாகவே தோன்றியது என்கிறார் பௌசானியஸ். கோயிலின் பின்புறம் பறவைக் கால்களுடன் வெண்பளிங்குக் கன்னியரும் நின்றனர். நோயின் குறியீடு மட்டுமாக இருந்திருந்தால் தெய்வத்தின் வீட்டில் இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா?

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஊரின் தொன்மம் முழுவதையும் ஏரியோடு பிணைத்துவிடக் கூடாது. பழைய ஸ்டிம்ஃபாலோஸில் வாழ்ந்த டெமெனோஸ்தான் சீயஸின் மனைவியான ஹீராவை வளர்த்தவர் என்பது அங்குள்ள மரபு. அவர் அத்தேவிக்குக் கன்னி, மணமானவள், கைம்பெண் என்று மூன்று கோயில்கள் எழுப்பினார். சீயஸோடு பிணங்கி ஹீரா அந்த ஊருக்கே திரும்பி வந்ததால்தான் மூன்றாவது பெயர் அமைந்தது. இக்கதையில் வெள்ளமும் இல்லை, பறவையும் இல்லை.