மறு: மல்டிஃபெர்ராயிக்: ‘பல்லயம்’ சரிப்படுமா?

[சேலத்திலிருந்து]

வணக்கமுங்க. கையேட்டில் ஆக்சைடு மென்படலங்கள் பகுதியில், மின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் போல ஒன்றுக்கு மேற்பட்ட ஒழுங்குகள் சேர்ந்திருக்கும் மல்டிஃபெர்ராயிக் பொருளுக்கு ‘பல்லயப் பொருள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஃபெர்ரோகாந்தத்தை அயக்காந்தம் என்றும், ஃபெர்ரோமின்னை (தானாகவே மின்முனைவாக்கம் கொண்டது) அயமின் என்றும் ஏற்கெனவே சிலர் எழுதுவதால் அதே வரிசையில் போய்விடும். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்க.

[கோவையிலிருந்து]

மறுப்பு இருக்குதுங்க. அயம் என்றால் இரும்பு. ஃபெர்ரோமின் பொருளான பேரியம் டைட்டனேட்டில் இரும்பு ஏது? மல்டிஃபெர்ராயிக்கான டெர்பியம் மாங்கனைட்டிலும் கிடையாது. அதில் சுமார் 28 கெல்வினுக்குக் கீழே உருவாகும் காந்தச் சுருள்தான் மின்முனைவாக்கத்தையே உண்டாக்குகிறது.

பிஸ்மத் ஃபெர்ரைட்டில் இரும்பு இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் இந்தச் சொல் ஆளைக் கவிழ்க்கும். அது சுமார் 1,100 கெல்வின் வரை ஃபெர்ரோமின் பொருள். காந்தத்தில், சுமார் 640 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெர்ரோ, அதாவது அடுத்தடுத்த அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துவிடும். அந்த அணுக்காந்தங்கள் (தற்சுழற்சிகள்) சற்றே சாய்ந்திருப்பதால் ஒரு சிறு காந்தம் மிஞ்ச வேண்டும். ஆனால் படலமல்லாத பருப்பொருளில் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று என்று அவை சுருண்டு போவதால் அதுவும் கழிந்துவிடுகிறது. படலத்தில் தகைவு அந்தச் சுருளைக் குலைத்தால் கன சென்டிமீட்டருக்குச் சில ஈ.எம்.யூ. (காந்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கலாம், அவ்வளவே. 2003-இல் 70 நானோமீட்டர் படலத்தில் 150 ஈ.எம்.யூ. என்று வெளியானதும், 2005-இல் வேறு குழு அதை மறுத்ததும் நினைவிருக்கும். படலத்தில் உதிரியாகக் கலக்கக்கூடிய காமா இரும்பு ஆக்சைடின் தெவிட்டு காந்தமாக்கம் (எட்டக்கூடிய உச்சக் காந்தம்) இதே அலகில் சுமார் 400. படலத்தின் பருமனில் 1 விழுக்காடு அது கலந்தாலே 4 ஈ.எம்.யூ. வந்துவிடும். வழக்கமான எக்ஸ்-கதிர் வரைபடத்தில் அந்த 1 விழுக்காடு கண்ணில் படாது. ஆக, காந்தம் அதிகமாகத் தெரிந்தால் அது ‘பல்லய’த்தின் பெருமை அல்ல, உதிரி அயத்தின் கைவரிசை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒரே வேர்ச்சொல்லில் கட்டிப்போடலாமுங்களா?

கையேட்டில் இந்தக் கணக்கையும் சேர்த்துவிடுங்க. 5 மி.மீ. சதுரம், 100 நானோமீட்டர் தடிமன் என்றால் படலத்தின் பருமன் 0.0000025 கன செ.மீ. கன செ.மீ.க்கு 5 ஈ.எம்.யூ. வைத்தாலும் மொத்தம் 12.5 மைக்ரோ ஈ.எம்.யூ.தான். அடியிலிருக்கும் அரை மி.மீ. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தகடு 10 கிலோ அயர்ஸ்டெட் புலத்தில் இதைப்போலப் பல மடங்கு டயாகாந்தம் (புலத்துக்கு எதிர்த்திசைக் காந்தம்) காட்டும். அதை நேர்கோடாகக் கழிப்பதோடு நிறுத்தாமல், அதே சூடும் அதே ஆக்சிஜனும் கொடுத்த வெறுந்தகட்டையும் தனியாக அளந்து பார்க்க வேண்டும். எஃகு இடுக்கி கூடாது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம். தகட்டின் பின்புறம் ஒட்டிய வெள்ளிப்பசையைச் சுரண்டி எடுக்கணும், அறுத்த விளிம்பைக் கழுவணும். நம்ம ஊரில் பவுண்டரியும் லேத் பட்டறையும் எட்டிய தூரம்தான். சுமார் 20 மைக்ரான் அகலத்தில் ஒரே ஒரு இரும்புத் துகள் ஒட்டினால் போதும், முழுப் படலத்தின் கணக்குக்கும் அதுவே ஈடு கொடுத்துவிடும். ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மாதிரி ஏற்றாதீங்க.

என் முன்மொழிவு: பல்லொழுங்குப் பொருள்.

[பவானியிலிருந்து]

‘ஒழுங்கு’ மட்டும் போதுமா என்று யோசனையாக இருக்குதுங்க. ஒழுங்கு எதிர்ஃபெர்ரோவிலும் உண்டு. ஃபெர்ராயிக் என்பதன் சாரம், தானாக அமைந்த ஒழுங்கைப் புறப்புலத்தால் திருப்ப முடிவது. திருப்பும்போது தயக்கக் கண்ணி (போன வழியே திரும்பாத வளைகோடு) வருவது. பக்கத்துப் பக்கத்து டொமைன்கள் (ஒரே திசை ஒழுங்கு கொண்ட சிறு பகுதிகள்) எங்க ஊர் ஜமக்காளத்துப் பட்டைகள் மாதிரி திசைக்கொன்றாக நிற்பதும் அதனால்தான். ‘பல்புரள்’ என்று பார்த்தேன். ‘பல்புரளி’ என்று யாராவது எழுதிவிட்டால் ஆய்வேடே புரளியாகிவிடும், அதனால் நானே கைவிட்டுவிட்டேன்.

உதிரி இரும்பு ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும். கரைசல்-கூழ் முறையில் பிஸ்மத், இரும்பு நைட்ரேட்டுகள் இரண்டையும் 2-மெத்தாக்சி எத்தனாலில் கரைக்கும்போதே பிஸ்மத்தை 5 முதல் 10 விழுக்காடு கூட்டிப் போடுவார்கள். சூட்டில் ஆவியாகிப் போவது அதுதான். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 30 நொடி பூசி, ஒவ்வொரு அடுக்கையும் சுமார் 350 டிகிரியில் கரிமம் போகச் சுட்டு, கடைசியில் 500 முதல் 550 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவது வழக்கம். படிகம் நன்றாக வரட்டும் என்று 650-க்கு ஏற்றினால் பிஸ்மத் குறைந்து இரும்பு மிகுந்த கட்டங்கள் (வேறு படிக வகைகள்) தலைகாட்டும். பயந்துகொண்டு பிஸ்மத்தை அள்ளிப் போட்டால் பிஸ்மத் ஆக்சைடு தங்கி மின்கசிவு கூடும். அப்புறம் ஃபெர்ரோமின் கண்ணி வீங்கிப்போய் வாழைப்பழம்போல வரும், அதை நம்பக்கூடாது.

[கோவையிலிருந்து]

எதிர்ஃபெர்ரோவையும் அடக்குகிறது என்பதாலேயே எனக்கு ‘ஒழுங்கு’ பிடித்திருக்கிறது. 1994-இல் ஹான்ஸ் ஷ்மிட் மல்டிஃபெர்ராயிக்குக்குக் கொடுத்த வரையறை கறாரானது, எதிர்ஃபெர்ரோவைச் சேர்க்காதது. அப்படியே பிடித்துக்கொண்டால் பிஸ்மத் ஃபெர்ரைட்டே வெளியே போய்விடும். இன்றைய புழக்கம் அதை உள்ளே வைத்திருக்கிறது. திருப்புதலை வரையறையில் சொல்லிவிடலாமுங்க:

“பல்லொழுங்குப் பொருள்: ஒரே கட்டத்தில் மின், காந்த, மீள்தகைவு ஒழுங்குகளுள் இரண்டோ மேலோ தாமாக அமைந்திருக்கும் பொருள். அவற்றுள் ஒன்றாவது புறப்புலத்தால் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.”

ஃபெர்ரோமின், ஃபெர்ரோகாந்தம் இரண்டையும் பாடநூலில் உள்ளபடியே விட்டுவிடுவோம். மாணவருக்கு அவை பழகிய சொற்கள்.

[சேலத்திலிருந்து]

சரிங்க, மாற்றிவிடுகிறேன். ‘பல்’ என்றதும் பல் டாக்டர் நினைவு வருவதாக வீட்டில் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கு வராத வில்லங்கம் இதற்கு மட்டும் எதற்கு. வெறுந்தகட்டு அளவீட்டைத் தனிப் பெட்டியாகப் போடுகிறேன்.