எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி இருந்தா பயாப்ஸி வேணாமா?

நிலா_மகள்:
அப்பாவுக்கு 61 வயசு, ரெண்டு மாசமா மலத்துல ரத்தம் போகுது, டாக்டர் கொலனோஸ்கோபி பண்ணி சதை எடுத்துப் பாக்கணும்னுட்டாரு (பயாப்ஸி), அப்பா பயந்துக்கிட்டு வரவே மாட்டேங்குறாரு. எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபில காந்தத்த வச்சே குடல் கேன்சர் திசுவ கண்டுபிடிக்கறாங்கன்னு படிச்சேன், அப்போ குழாய் விடாமலே பாத்துடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சுழல்_ரோட்டார்:
நான் என்எம்ஆர் லேப்ல, அதாவது நீங்க சொன்ன இந்த காந்த ஸ்பெக்ட்ரோஸ்கோபி பண்ற லேப்ல இருக்கேன்மா. படிச்சது உண்மைதான், ஆனா அது வெட்டி எடுத்த சதைல பண்றது. உளுந்துல பாதி இருக்கும், 10லேர்ந்து 20 மில்லிகிராம், அத ரோட்டார்ங்கற குட்டிக் குழாய்ல போட்டு துளியூண்டு கனநீர் (கன ஹைட்ரஜன் இருக்கற தண்ணி) விட்டு மூடி, காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்ச்சு செகண்டுக்கு 4000, 5000 சுத்து சுத்த விடுவோம். சுத்தாம எடுத்தா, சதைல இருக்கற வேதிப்பொருளுக்கெல்லாம் கிராஃப்ல வர்ற கோடெல்லாம் அகலமா ஒண்ணுமேல ஒண்ணு அப்பிக்கிட்டு கிடக்கும், சுத்தினா ஊசி ஊசியா பிரிஞ்சு நிக்கும், கிராஃப் அளவுகோல்ல 1.33 பிபிஎம்ல லேக்டேட் ரெட்டை முள்ளா வரும், 3.2 பக்கம் கோலின்ங்கற வேதிப்பொருள் வகையறா. கேன்சர் சதைல லேக்டேட்டும் டாரின்ங்கற இன்னொரு வேதிப்பொருளும் ஏறியிருக்கும், குளுக்கோஸ் குறைஞ்சிருக்கும், ஏன்னா அந்த செல்லு சர்க்கரைய அள்ளி அள்ளித் தின்னு லேக்டேட்டா வெளிய தள்ளுது, ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் 1920கள்லயே கவனிச்ச விஷயம் இது. சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்துல 2009ல இதே முறைல கேன்சர் சதையையும் நல்ல சதையையும் பிரிச்சுக் காட்டினாங்க.

பேத்தாலஜி_பிஜி:
மேல சொன்னது சரி, ஒண்ணு சேர்த்துக்கறேன். வெட்டி எடுத்தப்புறமும் செல்லு சர்க்கரைய தின்னுக்கிட்டேதான் இருக்கும், அதனால வெளிய வச்சிருந்தா நல்ல சதைலயும் லேக்டேட் ஏறிடும், அதுக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல திரவ நைட்ரஜன் பிளாஸ்க்க வச்சுக்கிட்டு நிப்போம், துண்டு கைக்கு வந்ததும் உள்ள போட்டுடுவோம். சுத்தி முடிச்ச துண்ட மைக்ரோஸ்கோப்லயும் பாக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். உடம்புக்கு உள்ள வச்சே எடுக்கறது கஷ்டம், குடல் அசஞ்சுக்கிட்டே இருக்கும், உள்ள காத்து வேற. அப்பாவ கொலனோஸ்கோபிக்கு கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்க. மூலமா இருந்தாலும் தெரிஞ்சிடும், பாலிப் (குடல் உள்சுவர்ல முளைக்கற சதை வளர்ச்சி) இருந்தா பெரும்பாலும் அப்பவே எடுத்துடுவாங்க.

நிலா_மகள்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வலிக்குமான்னுதான் திரும்பத் திரும்பக் கேக்கறாரு.

பேத்தாலஜி_பிஜி:
நிறைய இடத்துல ஊசி போட்டு தூக்கக் கலக்கத்துலதான் பண்ணுவாங்க, முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. முந்தின நாள் பேதி மருந்து குடிக்கறதுதான் பாடு, அன்னைக்கு கூடவே இருங்க. ரத்தம் கெட்டியாகாம இருக்க மாத்திரை சாப்பிடறாருன்னா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க.

நிலா_மகள்:
ஆமா, சாப்பிடறாரு! இப்பவே போன் பண்றேன்.