அப்பா இல்லாத வீடு: டிவியில பாத்ததும் எங்க வீட்ல நடந்ததும்

திருநெல்வேலிப் பக்கத்து மூணு பேரு சொன்னது இது.

முக்கூடல் பக்கமிருந்து:

2002-ல நான் ஆறாவது. எங்க வளவுல ஆச்சி வீட்லதான் கேபிள் உண்டு. பொழுது அடைஞ்சா அம்மாவும் இன்னும் நாலஞ்சு பேரும் பீடி சுத்துற சுளவ (முறத்த) தூக்கிட்டு அங்க போயிருவாவ. சன் டிவியில மெட்டி ஒலி சீரியல் ஓடும். பொண்டாட்டி இல்லாத சிதம்பரம், அஞ்சு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டுப் பாடுபடுவாரு. சிதம்பரமா நடிச்ச டெல்லி குமார் கண்ணு கலங்கினா இங்க எல்லாரும் மூக்கச் சிந்துவாவ. கை மட்டும் நிக்காது. தூள வச்சு உருட்டி, நூல் சுத்தி, அடுத்த இலை. காலையில கடையில கணக்கு குடுக்கணும்லா.

நான் ரெண்டாவது படிக்கையில அப்பா தவறிட்டாவ. நாங்க மூணும் பொண்ணுங்க. ஒரு நாள் எல்லாரும் சிதம்பரத்துக்காக அழுதுட்டு இருக்கையில, அம்மா தலையத் தூக்காமலே சொன்னா: "அந்த மனுசனுக்குப் பீடி சுத்த வேண்டாம்லா." யாரும் பதில் சொல்லல. ஆச்சி எந்திரிச்சுப் போயி டிவி சத்தத்தக் கூட்டி வச்சாவ.

இன்னொண்ணு. சீரியல்ல அப்பா செத்த வீடுன்னா நடுவீட்ல மாலை போட்ட படம், செவப்பு பல்பு. மக அது முன்னால நின்னு மூச்சு விடாமப் பேசுவா. எங்க அப்பாவுக்கு இருந்தது ஓட்டு அட்டையில ஒட்டியிருந்த போட்டோ ஒண்ணுதான். ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசாக்கினோம். அவுங்களே கோட்டு, டை எல்லாம் வரைஞ்சு குடுத்துட்டாவ. மூடை தூக்கின மனுசன்! யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தாவ. அவருகிட்ட நான் என்னத்தப் பேச?

ஆலங்குளத்திலிருந்து:

எங்க அப்பா சாகல, பம்பாய்க்குப் போனவரு வரல. சீரியல்ல இப்படி ஓடிப்போன அப்பா கடைசி வாரம் வந்து மன்னிப்பு கேப்பாரு. எங்க ஆளு 2011-ல வந்தாரு, தாத்தா பேர்ல இருந்த வயக்காட்டுப் பத்திரத்துல கையெழுத்து போட. டீ குடிச்சாரு. "எத்தனாவது படிக்க?"ன்னு கேட்டாரு. நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ஒரு மணி நேரமும் 'அப்பா'ங்கிற வார்த்தைய எடுக்காமலே பேசி முடிச்சேன், அது பெரிய வித்தை. சீரியலா இருந்தா இடி இடிச்சிருக்கும். எங்க வீட்ல அம்மா மிக்ஸிய நிறுத்தவே இல்ல.

வள்ளியூர் பக்கமிருந்து:

சீரியல்காரங்க இன்னும் எடுக்காதது ஒண்ணு இருக்கு. எங்க அம்மன் கோயில் கொடைக்கு, அதான் திருவிழாவுக்கு, வீட்டுக்கு வீடு பிரிக்கிற தலைக்கட்டு வரி. அப்பா தவறின மறுவருசம் எங்க வீட்டுக்கு அரை வரின்னு எழுதிட்டாவ. இரக்கப்பட்டுத்தான், கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது. அம்மாவுக்கு அது ஆகல. முழு வரியையும் எண்ணி நீட்டினா. வரி பிரிக்க வந்த பெரியப்பா, "ஊர் முறை அப்படித்தாம்மா"ன்னு பாதியத் திருப்பிக் குடுத்தாவ. அம்மா நேரா கோயிலுக்குப் போயி அத உண்டியல்ல போட்டுட்டு வந்தா. அடுத்த கொடைக்கும் இதே கதை. அதுக்கு அடுத்த கொடைக்குப் பெரியப்பாவே பாதிப் பணத்த நீட்டிக்கிட்டு, "உண்டியலுக்குத்தான?"ன்னு கேட்டாவ.